ஆவாரம்பூவை இனங்கண்டு, பறித்து, உலர்த்திக் குடிநீர் காய்ச்சும் முறை

தை பிறப்பதற்கு முந்தைய நாளில் கொங்குப் பகுதி வீடுகளில் வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் காப்புக் கட்டப்படும் ஆவாரம்பூவைக் கொத்தாகக் கையில் வாங்கியவர்கள் பலர் இருந்தாலும், அதைச் செடியில் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காய்ச்சுவது எளிது, சரியான செடியைக் கண்டறிவதில்தான் முழுக் கவனமும் தேவை.

முதல் படி: இனங்காணுதல்

ஆவாரை கரம்பு நிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் வறட்சியைத் தாங்கி ஏறத்தாழ ஆளுயரம் வளரும் குத்துச்செடியாகும். ஒவ்வோர் இலையிலும் பெரும்பாலும் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும்; பூவுக்கு ஓரம் நெளிந்த 5 மஞ்சள் இதழ்கள் உண்டு; காய் தட்டையாகவும், முற்றியபின் பழுப்புத்தாள் போல மெலிந்தும் காணப்படும். இவற்றையெல்லாம்விட நான் நம்பும் அடையாளம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல விரிந்து நிற்கும் சிறிய பச்சைச் செதிலே. இதே மஞ்சள் நிறத்தில் பூக்கும் தகரையில் 3 இணைச் சிற்றிலைகளே இருக்கும். பொன்னாவிரையின் சிற்றிலைகள் நுனி கூர்ந்தவை, கசக்கினால் துர்நாற்றம் வீசும், அதன் விதை நச்சுத்தன்மை உடையது. ஐயம் சிறிதளவு இருந்தாலும் பறிக்காமல், செடியை அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: பறித்தல்

பனி உலர்ந்த காலை நேரத்தில், அன்று மலர்ந்த பூக்களை மட்டும் கிள்ளி எடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தையும் பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பையும் தவிர்த்துவிடுங்கள். தேனீக்கள் இப்பூவை நாடி வருவதால், ஒரு செடியில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். கிளையை ஒடிக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: உலர்த்துதல்

எறும்புகளை உதறி, நீரில் ஒருமுறை அலசி, வெள்ளைப் பருத்தித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு நிழலில் பரப்புங்கள். வெயிலில் காய வைத்தால் நிறம் வெளுத்துவிடும். காற்றோட்டமுள்ள அறையில் 4 அல்லது 5 நாட்களில் இதழ்கள் தொட்டவுடன் நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வையுங்கள். ஈரம் எஞ்சியிருந்தால் பூஞ்சை பிடித்து முழுவதும் வீணாகிவிடும்.

நான்காம் படி: காய்ச்சுதல்

உலர்ந்த பூ ஒரு மேசைக்கரண்டி, அல்லது புதுப்பூ பத்து எடுத்து, 200 மில்லி நீரில் இட்டு, சிறுதீயில் 150 மில்லியாகச் சுண்டியதும் வடிகட்டுங்கள். பொன்னிறமும் மெல்லிய துவர்ப்பும் இருக்கும். விரும்பினால் சிறிது பனைவெல்லம் சேர்க்கலாம். நீரிழிவு உடையவர்கள் சேர்க்கக் கூடாது.

உடற்சூடு தணியவும் நீர்வேட்கை அடங்கவும் இதைப் பருகுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். சித்த மருத்துவம் நீரிழிவுக்குக் கூறும் ஆவாரைக் குடிநீர் வேறு. அதில் ஆவாரையுடன் கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம் ஆகியவையும் சேர்வதால், அதைச் சித்த மருத்துவரின் அளவுப்படியே உட்கொள்ள வேண்டும். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிட வாய்ப்பு இருப்பதால், பூவை மட்டும் காய்ச்சிக் குடிப்பதற்கு முன்பும் மருத்துவரிடம் கேளுங்கள். கருவுற்ற பெண்களும் கேட்காமல் பருக வேண்டாம்.