ஸ்டேஷனில் போனைக் கேட்டால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

"தம்பி, இதுல இருக்கறத மொத்தமா அழிச்சுக் குடு. நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

மன்னார்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு விவசாயி நின்றபடியே கேட்டது இது. பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு, கைகலப்பு வரை போய்விட்டது. நான் அழிக்க மாட்டேன் என்றதும் அவருக்குக் கோபம்.

விசாரணை என்று தெரிந்த பிறகு போனை அழிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. குற்றம் செய்தவரைக் காப்பாற்றச் சாட்சியத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 238-ஆவது பிரிவில் தனிக் குற்றம். அழித்தாலும் எல்லாம் போய்விடாது. யாரிடம் எப்போது பேசினோம் என்ற விவரம் நெட்வொர்க் கம்பெனியிடம் இருக்கும், அனுப்பிய மெசேஜ் வாங்கியவர் போனில் இருக்கும். அதையெல்லாம் விடுங்கள். எதிர்த்தரப்பு அந்த விவசாயியை மிரட்டிய வாய்ஸ் மெசேஜ் அந்தப் போனில்தான் இருந்தது. தனக்கு உதவும் சாட்சியையே அழிக்க வந்திருந்தார்.

இன்னொரு வகையினர் இதற்கு நேர் எதிர். மடியில் கனமில்லை, வழியில் எதற்குப் பயம் என்று, கேட்டவுடன் லாக்கைத் திறந்து நீட்டிவிடுவார்கள். போன் வைத்திருக்கும் எல்லார் மடியிலும் இன்று கனம் இருக்கிறது. மகளின் படங்கள், நகைக்கடன் மெசேஜ், வங்கி ஓடிபி. அடுத்தவர் ரகசியமும் அதில்தான். கொள்ளிடக் கரையில் மணல் லாரியைப் படம் எடுத்தவரின் போனைப் புரட்டினால், அவருக்குத் தகவல் சொன்னவர் யார் என்பதும் தெரிந்துவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது இப்படிப்பட்டவர்களுக்காகவும்தான்.

போலீசுக்குப் போன் தேவைப்படும் வழக்குகள் உண்டு. காணாமல்போன பிள்ளையைத் தேட வேறு வழியே இல்லாமல் போகலாம். ஆனால் வழக்கில் முறைப்படி கைப்பற்றுவது வேறு, ரோட்டில் நிறுத்தி கேலரியைத் தள்ளிப் பார்ப்பது வேறு. எந்த வழக்கு, எழுத்து மூலமான உத்தரவு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது எதிர்ப்பு ஆகாது.

போனைப் பூட்ட விரல்ரேகை மட்டும் போதும் என்று விட்டுவிடுவதும் சரியில்லை. கைரேகை கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ்வேர்டு விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை: 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு மாதிரி, 2022-இல் டெல்லியில் ஒரு சிபிஐ நீதிமன்றம் வேறு மாதிரி. அதனால் வாயைத் திறக்குமுன் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

வாட்ஸ்அப் மெசேஜ் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகிறது, சரி. கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்புக்குத் தனிப் பூட்டு போட வேண்டும். போட்டவர்களை என் கடையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

கடைசித் தவறு, போனைக் கொடுத்துவிட்டு ஒரு காகிதமும் வாங்காமல் வெறுங்கையோடு திரும்புவது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவின்படி, சோதனையும் கைப்பற்றலும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவது உட்பட வீடியோவில் பதிவாக வேண்டும். பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த விவசாயிக்கு போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கூட்டுறவு சங்கப் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.