டொமைன் விற்பவரை நம்பலாமா? பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

குமுளியில் செக்போஸ்ட்டைத் தாண்டி, தேக்கடி ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். போன சீசனில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அக்கா பதறிப்போய் வந்தார். போர்டு, விசிட்டிங் கார்டு, பில் புக் எல்லாவற்றிலும் அச்சடித்த வெப்சைட் இரண்டு நாளாகத் திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் போனில் பேசி, ஒருவருக்குப் பணம் அனுப்பி வாங்கிய டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர். பதிவு செய்த கம்பெனியைக் கண்டுபிடித்துக் கேட்டோம். கணக்கு வேறொருவர் பெயரில் இருக்கிறது, அவர்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆள் போனையே எடுக்கவில்லை. "காசு கட்டினது நான்தானே தம்பி, அப்புறம் ஏன் என் பேர்ல இல்ல?" என்று அக்கா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெயர் கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை.

இங்கே ஏலக்காய் வாங்குகிறவர் காயை உரித்து, உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்க்காமல் விலை சொல்லமாட்டார். டொமைனையும் அப்படி உரித்துப் பார்க்கலாம், பத்து நிமிடம் போதும்.

விற்பவர் ரிஜிஸ்ட்ராரா (பெயரை நேரடியாகப் பதிவு செய்யும் கம்பெனி), ரீசெல்லரா (அந்தக் கம்பெனி மூலம் விற்றுக் கொடுப்பவர்) என்பதை முதலில் கேளுங்கள். டாட் காம் என்றால் உலக அளவில் டொமைன்களைக் கவனிக்கும் ஐகேன் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலிலும், டாட் இன் என்றால் அதை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் பட்டியலிலும் ரிஜிஸ்ட்ராரின் பெயர் இருக்க வேண்டும். ரீசெல்லராக இருப்பது தப்பில்லை. எந்த ரிஜிஸ்ட்ராரின் கீழ் விற்கிறார் என்று கேட்டால் சொல்லியாக வேண்டும், மழுப்பினால் வேண்டாம்.

அடுத்து, விற்பவரின் சொந்த வெப்சைட் எப்போது பதிவானது என்று பாருங்கள். பதிவு விவரத்தைத் தேடும் இந்த வசதியை முன்பு ஹூயிஸ் என்போம். 2025 ஜனவரியிலிருந்து டாட் காம் போன்றவற்றுக்கு அதன் இடத்தில் ஆர்டிஏபி வந்துவிட்டது. ஐகேன் தளத்தின் தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் பதிவான தேதி தெரியும். பத்து வருட அனுபவம் என்று எழுதியிருப்பவரின் தளம் நாலு மாதத்துக்கு முன் பிறந்திருந்தால் விளக்கம் கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலத்தைச் சொல்லும்: கேரளா 32, தமிழ்நாடு 33. எல்லையில் கடை போட்ட எங்களுக்கு இது மனப்பாடம். கொச்சியில் ஆபீஸ் என்றவர் 33 எண் கொடுத்தால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். சிறு வியாபாரிக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமலும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து ஒதுக்காதீர்கள்.

முதல் வருடம் 99 ரூபாய் என்றால் இரண்டாம் வருடம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நான் முக்கியமாக நினைப்பது இதுதான். "நாளைக்கு வேற இடத்துக்கு மாத்தணும்னா கோடு கொடுப்பீங்களா?" என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ஆத் கோடு என்னும் அந்த ரகசியக் குறியீடு இல்லாமல் டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு நகர்த்த முடியாது. டாட் காமில் பதிவு செய்த முதல் 60 நாள் மாற்ற விடமாட்டார்கள். அதற்காக விற்பவரைச் சந்தேகப்பட வேண்டாம். அதற்குப் பிறகு நீங்கள் கேட்டால் ரிஜிஸ்ட்ரார் 5 நாளுக்குள் கோடு தர வேண்டும் என்பது ஐகேன் விதி. கோடுக்குத் தனிக் கட்டணம் என்றோ, அதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்றோ பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிய அன்றே உங்கள் டொமைனை அதே தேடல் பெட்டியில் தேடிப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும், பரவாயில்லை. ஆனால் காலாவதி தேதி பளிச்சென்று தெரியும். மூன்று வருடத்துக்குக் கட்டினீர்கள், அங்கே ஒரு வருடம்தான் இருக்கிறதா? உடனே கேளுங்கள். டாட் காமை முதல் தடவை பதிவு செய்யும்போது மெயிலை உறுதி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும், அதிலுள்ள லிங்க்கை 15 நாளுக்குள் அழுத்த வேண்டும். அது உங்கள் மெயிலுக்கு வராவிட்டால் வேறொருவர் மெயிலைக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அக்காவுக்குப் புதுப் பெயர் வாங்கியபோது அவர் போனிலேயே, அவர் மெயிலிலேயே பதிவு செய்தோம். அந்தக் கடிதம் வரும்வரை அவரைக் கடையில் உட்கார வைத்திருந்தேன். அவரே அழுத்தினார்.

ஏற்கெனவே பணத்தை ஏமாந்திருந்தால் யுபிஐ பரிவர்த்தனை எண்ணை எடுத்துக்கொண்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்த முடிந்தால் உண்டு, ஒரு நாள் தள்ளினாலும் கஷ்டம்.