வீச்சு வலைக்கு ஈயமணி வார்ப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவியில் வலை வீசுகிறவர்களுக்கு மணி வாங்குகிற காசும் பெரிய செலவு. பழைய வலையில் கழற்றிய ஈயமும், டயர்க் கடையில் கிடக்கிற சில்லு பேலன்ஸ் ஈயமும், ஓர் அச்சும், காஸ் அடுப்பும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே வார்த்துவிடலாம். வலை பொத்துவது, கயிறு கோர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஈய வேலையை மட்டும் சொல்கிறேன்.

எவ்வளவு வேண்டும்

8 அடி வலையை (நடுவிலிருந்து ஓரம் வரை 8 அடி) விரித்தால் சுற்றளவு சுமார் 50 அடி, அதாவது 15.3 மீற்றர். 8 மில்லிமீற்றர் தடிப்பு, 20 மில்லிமீற்றர் நீளம், நடுவில் 3 மில்லிமீற்றர் துளை உள்ள மணி ஒன்று கிட்டத்தட்ட 9.8 கிராம் வரும். இடுப்பளவுத் தண்ணியில் வீச 3 கிலோ போதும்: 306 மணி, 5 சென்ரிமீற்றருக்கு ஒன்று. முகத்துவாரப் பக்கம் ஓட்டம் இருக்கிற இடத்துக்கு 3.6 கிலோ போடுங்கள், இடைவெளி சுமார் 4.2 சென்ரிமீற்றராகும். கசடும், அச்சு வாயில் மிஞ்சி நிற்கிற வாலும் கழியும் என்பதால் கால் பங்கு கூடுதலாக ஈயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வால் திரும்ப உருகும், வீணாகாது.

எந்த ஈயம்

பழைய மணிதான் நல்லது, மென்மையானது. பேலன்ஸ் ஈயத்தில் கொஞ்சம் அந்திமனி (ஈயத்தைக் கடினமாக்குகிற உலோகம்) கலந்திருக்கும், அதனால் சற்று உறுதி. மணிக்கு அது குறையில்லை. ஆனால் அதற்குள் நாகத்தில் (துத்தநாகத்தில்) செய்த துண்டுகளும் கலந்து வரும். ஒவ்வொன்றையும் குறட்டால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் வாய் பதியும், நாகத்தில் வழுக்கும். சீமெந்துத் தரையில் போட்டால் நாகம் கிணுங்கென்று சத்தம் போடும். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், நாகத்துக்கு 419 வேண்டும். ஆகவே தாச்சியை 400 பாகைக்குக் கீழே வைத்தால், தப்பி விழுந்த நாகத் துண்டு மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். அதை உருக விட்டுவிட்டால் ஈயம் கஞ்சி மாதிரிக் குழைந்து அச்சில் ஏறாது.

பழைய அச்சுக்கூடத்து எழுத்து கிடைத்தால் தனியாகப் போடாதீர்கள். அந்திமனி அதிகம், கல்லில் பட்டால் மணி உடையும்.

ஈரம்

இந்த ஒரு இடத்தில்தான் ஆட்கள் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள், ஆறுதலாக வாசியுங்கள். பழைய மணியின் துளைக்குள் கயிற்றுத் துண்டும் உப்பும் சேறும் அடைந்திருக்கும். வெளியே காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். அதை உருகிய ஈயத்துக்குள் போட்டால் அடியில் போன தண்ணி ஒரே நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு விரியும். தாச்சியில் உள்ளது முழுவதும் மேலே தெறிக்கும். வெயிலில் காயவைத்தது போதும் என்று நினைக்காதீர்கள். செய்ய வேண்டியது இதுதான்: நல்ல தண்ணியில் கழுவி, கம்பியால் துளையைக் குத்தி, இரண்டு நாள் காயவைத்து, குளிர்ந்த தாச்சியில் அடுக்கி அதன் பிறகு அடுப்பை மூட்டுங்கள். எல்லாம் சேர்ந்து சூடாகும்போது ஈரம் உருகுவதற்கு முன்பே போய்விடும். நடுவில் ஈயம் சேர்க்கவே சேர்க்காதீர்கள். முடிந்ததும் ஆறவிட்டு அடுத்த ஈடு போடுங்கள். ஈரக் கரண்டி, நெற்றி வியர்வை எல்லாம் இதே கணக்குத்தான். மாரி காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

உருக்குதல்

இரும்புத் தாச்சி. கறி வைக்கிற தாச்சி அல்ல, இதற்கென்றே ஒன்று. நாகப்பூச்சுப் பூசிய வாளி, அலுமினியச் சட்டி இரண்டும் ஆகாது. வெளியே திறந்த இடத்தில் செய்யுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் சுவாலையும் அணையும், சாம்பலும் பறக்கும், தள்ளிப்போடுங்கள். முகக்கண்ணாடி, பருத்தி உடுப்பு, தோல் கையுறை, சப்பாத்து. நைலோன் சேர்ட் போட்டால் தெறித்த துளி உடம்போடு ஒட்டும்.

உருகியதும் பட்டாணி அளவு மெழுகுதிரி போட்டுக் கிளறுங்கள். புகை வரும், அதைக் கொளுத்திவிட்டால் புகை குறையும். மேலே ஒதுங்குகிற சாம்பல் நிறக் கசடை அள்ளி மூடியுள்ள பேணியில் போடுங்கள். ஈய நஞ்சு அதிகம் இருப்பது இந்தத் தூளில்தான். வாவியிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வார்த்தல்

இரண்டு துண்டாகப் பிரிகிற அலுமினிய அச்சு என் தெரிவு. சாந்து அச்சில் ஈரம் ஒளிந்திருக்கும். லேத்துப் பட்டறையில் சொன்னால் ஆறு குழி வைத்துச் செய்து தருவார்கள். துளைக்கு 3 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி. குழிக்கும் கம்பிக்கும் குப்பி விளக்குச் சுவாலையில் கரி பிடிக்க வையுங்கள்; எண்ணெய் பூசாதீர்கள். அச்சை அடுப்பு ஓரத்தில் சூடாக்குங்கள். முதல் நாலைந்து மணி சுருங்கிச் சுருங்கித்தான் வரும், தாச்சிக்கே திருப்பியனுப்புங்கள், ஆனால் அடுத்த ஈட்டில். சுருக்கம் என்றால் அச்சு குளிர். உறைபனி பட்டதுபோல் மங்கிய தோல் என்றால் சூடு அதிகம்.

கரண்டியை நிறுத்தாமல் ஊற்றி, அச்சின் வாய்க்கு மேலே குமிழி மாதிரிக் கொஞ்சம் ஈயம் நிற்க விடுங்கள். ஈயம் உறையும்போது சுருங்கும், அந்தக் குமிழியிலிருந்துதான் உள்ளே இழுக்கும். குமிழி மினுக்கம் இழந்ததும் பத்து விநாடி எண்ணி, கம்பியைத் திருகி இழுங்கள். ஆறவிட்டால் ஈயம் உருக்கைவிட இரு மடங்குக்கு மேல் சுருங்கி கம்பியை இறுக்கிப் பிடிக்கும். பிறகு அடித்தால் கம்பி வளையும். ஆறின மணியின் துளை வாயை 5 மில்லிமீற்றர் துளையலகால் கையாலேயே இரண்டு சுற்று. அங்கே நிற்கிற பிசிர்தான் தங்கூசியையும் (ஒற்றை இழை நைலோன்) நைலோன் கயிற்றையும் அறுக்கிறது.

பிறகு சேர்த்தது

பழைய கார் பற்றரித் தகட்டை உருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. அமிலம், கந்தகம் கலந்த ஈயப் பசை, அதோடு ஆர்சனிக் கலந்த உலோகம். ஈரம் பட்டால் நச்சு வாயு வரும். பழைய பற்றரி வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டு அந்தக் காசில் பேலன்ஸ் ஈயம் வாங்குங்கள்.

வீசும்போது ஈயக் கயிற்றைப் பல்லில் கடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மணியைக் கடிக்காமல் அதற்கு மேலே ஒரு சாண் வலைக் கண்ணியைப் பிடியுங்கள். வார்க்கிற நாளில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவியபின் சாப்பிடுங்கள், அன்றைய உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.