கனடா கல்லூரியில் முதல் கட்டுரை: மேற்கோளும் ஆதாரமும்

ஊரில் நோட்ஸை வரி பிசகாமல் எழுதினால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். இங்கே யாருடையது என்று சொல்லாமல் அப்படி எழுதினால் அது கருத்துத் திருட்டு. கட்டுரைக்குப் பூஜ்யம் விழலாம், உங்கள் பதிவிலும் ஏறலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்புவது கஷ்டம். அதனால் முதல் அசைன்மென்ட் வருவதற்குள் இதைப் பழகிவிடுங்கள்.

முதலில் கோர்ஸ் அவுட்லைனைத் திறந்து எந்த மேற்கோள் முறை கேட்கிறார்கள் என்று பாருங்கள். நர்சிங், பிசினஸ், சமூக அறிவியல் என்றால் பெரும்பாலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை) 7ஆம் பதிப்பு. இலக்கியம் என்றால் எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கத்தின் முறை). இரண்டையும் கலக்காதீர்கள். ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதை ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

ஏபிஏவில் அப்படியே எடுக்கும் வரிகளுக்கு மேற்கோள் குறி, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் வேண்டும். அவை 40 சொற்களோ அதற்கு மேலோ போனால் மேற்கோள் குறி கிடையாது. தனிப் பத்தியாக உள்ளே தள்ளி எழுத வேண்டும்.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது சொந்த நடையில் மாற்றி எழுதும்போதுதான். 1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். உணவு இருந்தும் அதை வாங்கும் சக்தியை ஏழைகள் இழந்ததே பஞ்சத்துக்குக் காரணம் என்பது பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வைத்த வாதம். வாக்கியம் முழுக்க உங்களுடையதாக இருந்தாலும் வாதம் அவருடையது. ஆகவே முடிவில் அடைப்புக்குறிக்குள் ‘சென், 1981’ வர வேண்டும். அவருடைய வாக்கியத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால், பெயரைச் சொன்னாலும் அது திருட்டுதான். பக்கத்தைப் படியுங்கள், மூடிவையுங்கள், புரிந்ததை எழுதுங்கள், அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், ஆண்டு, பக்க எண்ணைக் குறிப்பு எடுக்கும்போதே எழுதிவிடுங்கள். கடைசி இரவில் தேடினால் கிடைக்காது.

கட்டுரை மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். முறையாகக் காட்டிய மேற்கோளும் அதில் சேரலாம். அதே சமயம், சதவீதம் குறைவு என்பதால் கட்டுரை சுத்தம் என்றும் ஆகாது.

தமிழ் நூல்களைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். தமிழ்ப் பகுதியை நீங்களே ஆங்கிலமாக்கினால் ஏபிஏ அதை மாற்றி எழுதியதாகவே கொள்கிறது, மேற்கோள் குறி போடக் கூடாது. நூற்பட்டியலில் மூலத் தலைப்பை ஆங்கில எழுத்தில் கொடுத்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் பொருளைத் தர வேண்டும். பெயரிலும் கவனம்: கா. சிவத்தம்பி என்றால் ‘சிவத்தம்பி, கா.’ என்று வரும். சொட்டீரோ போன்ற இலவச மென்பொருள் பட்டியலைத் தானே செய்து தரும், ஆனால் நம் பெயர்களைத் தலைகீழாகப் போட்டுவிடுவதுண்டு. ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

சந்தேகம் வந்தால் கல்லூரி லைப்ரரியிலோ ரைட்டிங் சென்டரிலோ (எழுத்துக்கு உதவும் மையம்) கேளுங்கள், மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. கெடு நெருங்கினால் நேரம் கிடைக்காது, ஒரு வாரம் முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.