நெடுநடைக்குப் புதியவரா? கிலோமீட்டரை விடுங்கள், மணிக்கணக்கு போடுங்கள்

என் முதல் நெடுநடைக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே திட்டம் போட்டேன். வரைபடத்தின் மேல் நூலை வைத்து அளந்து, ஐந்தால் வகுத்து, நாளொன்றுக்கு 27 கிலோமீட்டர் என்று முடிவு செய்தேன். முதல் நாள் அந்த 27-ஐ எட்டியும் விட்டேன். மறுநாள் காலையில் பாதம் ஷூவுக்குள் நுழையவில்லை. மூன்றாம் நாள் நடந்தே கடக்கலாம் என்று குறித்திருந்த கழிமுகத்தில் மார்பளவு தண்ணீர் ஓடியது. அது வடியும் வரை நான்கு மணி நேரம் மணலில் குந்தியிருந்தேன். வயல்வெளியில் தொடங்கிக் கடலோரம் போகும் பாதைகளில் தூரம் பெரிய விஷயமே இல்லை என்பது அங்கேதான் உறைத்தது.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். 18 கிலோமீட்டர் பாதையில் மொத்தம் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் நான்கரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாகும். இது உடல் தேறியவரின் நிற்காத நடை. பையும் சுமந்து, சாப்பிட்டு, வழி தேடி நடக்கும் புதியவர் இதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, ஏழு மணி நேரம்.

கடலோரம் என்றால் தட்டையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதையைப் பார்க்க வேண்டும். 1,014 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் ஏற்றங்களைக் கூட்டினால் எவரெஸ்ட் உயரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். ஓடை கடலில் விழும் ஒவ்வொரு இடத்திலும் பாதை கடல்மட்டம் வரை இறங்கி, மறுபடியும் பாறை உச்சிக்கு ஏறும்.

உலர்ந்த மணல் இன்னொரு ஏமாற்று. போர்ச்சுகலின் ரோட்டா விசென்டினாவில் உள்நாட்டு வழியாக ஒரு பாதையும், 'மீனவர் பாதை' என்று கடலோரமாக ஒரு பாதையும் இருக்கின்றன. கடலோரப் பாதையில் மணல்மேடுகள் அதிகம். ஒவ்வோர் அடியிலும் கால் புதையும். அப்படிப்பட்ட பாதையில் மணிக்கு 3 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாட்களுக்கு 12 முதல் 15 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நான்காம் நாள் உடல் தானாகவே கூடுதலாகக் கேட்கும்.

பையும் ஷூவும்

இதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பையின் எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. பையை மாட்டியதும் முதலில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், தோள்பட்டை பிறகு. பாரம் இடுப்பெலும்பில்தான் உட்கார வேண்டும். புது ஷூவோடு பயணத்தைத் தொடங்காதீர்கள். அதே ஷூ, அதே பையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். ஒத்திகையில் இரண்டாம் நாள்தான் உண்மையைச் சொல்லும்.

வயல்வெளியில் வழி தவறாமல் இருக்க

கடலோரத்தில் வழி தவறுவது அரிது. வயல்களுக்கும் தோப்புகளுக்கும் இடையேதான் ஒற்றையடிப் பாதைகள் நாலாபக்கமும் பிரியும். ஐரோப்பாவின் பல நெடும்பாதைகளில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டைகள் இருந்தால் சரியான வழி. அவையே பெருக்கல் குறியாக இருந்தால் தவறான வழி. நீங்கள் போகும் பாதையின் குறியை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கால் மணி நேரமாக ஒரு குறியும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பி நடங்கள். "இந்த வயலைக் குறுக்கே கடந்தால் சேர்ந்துவிடலாம்" என்ற நினைப்பு என்னை இதுவரை சேர்த்ததெல்லாம் சேற்றில்தான்.

கைபேசியில் இணையமில்லாமல் திறக்கும் வரைபடம் இருக்கட்டும். அச்சிட்ட வரைபடமும் ஒன்று இருக்கட்டும். மூடியிருந்த படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றுகளோடு நிற்கும் மாட்டு மந்தையை ஊடறுக்காமல் சுற்றிப் போங்கள்.

ஓதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஓதம் என்றால் கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். இதை அவசரமில்லாமல் படியுங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். எனவே நேற்றைய நேரம் இன்றைக்குப் பொருந்தாது. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அந்தந்தக் கடற்கரைக்கான ஓத அட்டவணை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நீர் ஒரே வேகத்தில் ஏறாது என்பதுதான் புதியவர்கள் ஏமாறும் இடம். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு வரும், இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. பிறகு இரண்டு, ஒன்று என்று அடங்கும். காலை 10 மணிக்குத் தாழ் ஓதம் என்றால், 11 மணி வரை கடல் அசையாததுபோலத் தோன்றும். 12-லிருந்து 2-க்குள் பாதி நீர் வந்து சேர்ந்துவிடும். பாறைகளுக்கடியில் கடற்கரையோரமாகப் போகும் பகுதியைக் கடல் வடிந்துகொண்டிருக்கும்போதே தொடங்கி, அது திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள்.

கழிமுகங்களுக்கும் இதே கணக்குதான். தென்மேற்குக் கடலோரப் பாதையில் எர்ம் ஆற்றுக்குப் படகு கிடையாது. தாழ் ஓதத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம்தான் இறங்கிக் கடக்கலாம். பலத்த மழைக்குப் பிறகும் அலை கொந்தளிக்கும்போதும் அதுவும் ஆகாது. அப்படியொரு இடம் உங்கள் வழியில் இருந்தால் அன்றைய நடை முழுவதையும் அந்த நேரத்தை வைத்தே பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

சாய்வான மணலில் ஒரே திசையில் வெகுநேரம் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழும். மாலையில் இடுப்பு நோகும். நீரோரத்து ஈரமணல் இறுகியும் ஓரளவு தட்டையாகவும் இருக்கும். வெயிலும் அப்படித்தான், நாள் முழுக்க ஒரே கன்னத்தைச் சுடும். பாறை விளிம்பைத் தள்ளியே நடங்கள். அடியில் மண் அரித்திருப்பது மேலிருந்து தெரியாது.

பாதம் சுருக்கென்றால் அங்கேயே நில்லுங்கள்

குதிகாலில் ஒரு சூடு தெரியும். வலி என்றுகூடச் சொல்ல முடியாது. "அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம்" என்று நடந்தால், அந்தத் திருப்பத்தில் கொப்புளம் காத்திருக்கும். உடனே உட்கார்ந்து ஷூவைக் கழற்றுங்கள். காலுறையை உள்பக்கம் திருப்பி உதறினால் பெரும்பாலும் நாலைந்து மணல் பொடிகள் உதிரும். பாதத்தைத் துடைத்து உலரவிட்டு, சிவந்த இடத்தில் மருத்துவ ஒட்டுப்பட்டையைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அதன் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழைதான் ஏற்றது. இந்தப் பத்து நிமிடத்தையும் காலையில் போட்ட மணிக்கணக்கில் சேர்த்தே வைத்திருங்கள்.

மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் பாதத்தைக் கழுவி, நாளைய தாழ் ஓத நேரத்தைப் பார்த்து, அதற்கேற்ப அலாரம் வையுங்கள். துவைத்த காலுறை காலைக்குள் காயாவிட்டால், பையின் வெளிப்புறத்தில் ஊக்குக் குத்தித் தொங்கவிட்டுக் கிளம்புங்கள். கடற்காற்று பத்து மணிக்குள் காயவைத்துவிடும்.