பழவேற்காட்டுக்குக் காரில் போகிறவர்கள் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து சென்னை வருகிறவர்கள் எல்லோரும் மாமல்லபுரத்துக்கே வண்டியைத் திருப்புகிறார்கள். ராயபுரத்தில் பிறந்து இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கனடாவில் இருக்கும் நான், வடசென்னைக்காரர்கள் வடக்கேதான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தில், காலையில் கோட்டையையும் ஜார்ஜ் டவுனையும் பார்த்துவிட்டு, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரிக்கரை ஊரான பழவேற்காட்டுக்குப் போய் இரவுக்குள் திரும்புவதாகத் திட்டமிட்டேன். தவறு திட்டத்தில் இல்லை.

காலைப் பகுதிக்கு வழிகாட்டி ஒருவரை முந்தின நாளே பேசி, கட்டணத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். 1640இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இன்று தலைமைச் செயலகம் இயங்குவதால் வாசலிலேயே சோதனை உண்டு. அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தை விட, அருகிலுள்ள அர்மேனியன் தெருவின் 1772ஆம் ஆண்டு ஆலய முற்றத்தில் கால் மணி நேரம் உட்காருவது மேல் என்பது என் எண்ணம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உள்ளவர்கள் தேசிய நினைவுச் சின்னங்களில் இந்தியர்களுக்கான கட்டணத்தையே செலுத்தலாம் என்று 2021இல் அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால் அட்டையை வீட்டு பீரோவில் பூட்டி வைத்துவிட்டுக் கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. திரும்பும் வழியில் 1856இல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் நிலையத்தின் தூண்களைக் காரில் இருந்தபடியே காட்டுவார்கள். இறங்கிப் பாருங்கள்.

இனி கார். வாடகைக் காருக்கு மஞ்சள் நம்பர் பிளேட்டும் சொந்தக் காருக்கு வெள்ளையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முறையான டிராவல்ஸ் வண்டி ஒன்றை, ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட் சேரும் வரை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா தனி என்று நான் பேசி முடித்திருந்த நேரத்தில்தான் சித்தப்பா குறுக்கிட்டார். "பக்கத்து வீட்டுப் பையன் வண்டி சும்மா நிக்குது. எவனுக்கோ எதுக்குடா காசு அழற? அவனுக்குக் குடு" என்றார். மறுத்தால், வெளிநாடு போனவனுக்கு நம் சனம் ஆகவில்லை என்ற பேச்சு வரும் என்று பயந்து ஒப்புக்கொண்டேன். உறவினர் ஏற்பாடு செய்யும் வாகனத்தில் நாம் கொடுக்கும் தொகை வாடகை என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு டீசல் காசு என்று பெயர்.

மீஞ்சூரைத் தாண்டியதும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். முன்னிருக்கையில் கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருந்த வழிகாட்டியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். "சொந்தக்காரங்க சார்" என்றான் ஓட்டி வந்த பையன். ஆய்வாளர் அவனை அப்பால் போகச் சொல்லிவிட்டு என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"இவர் உங்களுக்கு என்ன முறை?"

"தம்பி முறை."

"தம்பி பேர் என்ன?"

காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்று என் பெட்டியைத் தூக்கி வைத்தவன். கோட்டை வாசலில் வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தவன். எனக்கு இனிப்பு ஆகாது என்று சித்தப்பா சொன்னதை நினைவில் வைத்து டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் வாங்கி வந்தவன். அவன் பெயரை நான் கேட்கவேயில்லை. தம்பி, தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் நோட்டில் எழுதத் தொடங்கினார்.

சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம். வண்டியையும் பிடித்து வைக்கலாம். விபத்து நேர்ந்திருந்தால், வாடகைக்கு ஓடிய சொந்த வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்திருக்கக்கூடும். இவையெல்லாம் ஆய்வாளர் எங்களை அழைத்துப் போன போக்குவரத்து அலுவலகத்தின் வராந்தாவில் மூன்று மணி நேரம் நின்றபோது நான் கற்றவை. சர்வர் இல்லை என்றார்கள். சர்வர் வந்ததும் சாப்பாட்டு நேரம் என்றார்கள். என் கனடா வங்கி அட்டைக்கான கடவு எண் கனடா சிம்முக்குப் போனது, அந்தச் சிம் வீட்டில் கிடந்தது. கடைசியில் வழிகாட்டிதான் தம் கைபேசியிலிருந்து பணம் கட்டினார். ஆகவே கையில் ரொக்கமும், ஊர் சிம்மும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பொன்னேரியிலிருந்து ஆட்டோவில் பழவேற்காடு சேர்ந்தபோது மணி நாலரை. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடுதான். 1690இல் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பார்க்க வேண்டியது கல்லறைத் தோட்டம். வாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கருங்கல் பலகைகளில் எழுத்துகள் புடைத்து நிற்பதால், வெயில் சாயும் நேரத்தில் விரல் வைத்துத் தடவிப் படிக்கலாம். வழிகாட்டி ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஏரிக்குப் போக வெளிச்சம் மிஞ்சவில்லை. நீங்கள் சென்னைக் கோட்டையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்.

அபராதப் பணத்தை வழிகாட்டிக்கு நான் திருப்பிக் கொடுத்தேன், வண்டி திரும்பப் பதினோரு நாள் ஆயிற்று. நள்ளிரவில் மூச்சிரைப்பு வந்தால் சித்தப்பாவை ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிப் போவது அந்த வண்டிதான் என்பதும், அதற்கு அவன் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை என்பதும் எனக்கு விமானம் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதினோரு நாளில் இரண்டு முறை ஆட்டோவில் போனாராம். சித்தி சொன்னாள், அவர் சொல்லவில்லை.