ஆய்வகத்தில் ஆபத்தைத் தேடுவது எப்படி, தடுப்பது எப்படி

ஆய்வகத்தின் ஆபத்துகளைப் பட்டியலிடச் சொன்னால் பெரும்பாலோர் ரசாயன அலமாரியைத் திறந்துவைத்து பாட்டில்களை எண்ணுவார்கள். அப்படிச் செய்தால் பாதிதான் அகப்படும். அசிட்டோன் பாட்டில் மூடியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஊற்றும்போதும், சூடாக்கும்போதும், கழிவு கேனில் கொட்டும்போதும்தான் வில்லங்கம் வருகிறது. ஆகவே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, எடை போடுவதிலிருந்து கண்ணாடிச் சாமான் கழுவுவது வரை படிக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த வேலையை அன்றாடம் செய்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். செய்முறைத் தாளில் இருப்பது ஒன்று, மேசையில் நடப்பது இன்னொன்று.

ஒவ்வொரு வரிக்கும் நேரே நான்கு கேள்விகள்: கையில், கண்ணில், மூச்சில் எது படும்? எது எதோடு கலந்துவிடலாம்? கரண்டோ குளிர்நீரோ நடுவில் நின்றால் என்ன ஆகும்? அளவைப் பத்து மடங்கு கூட்டினால்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 50 மில்லியில் தானாக ஆறிய வினை 500 மில்லியில் ஆறாமல் பொங்கலாம். வெப்பம் உண்டாவது கன அளவுக்கு ஏற்ப, வெளியேறுவது பரப்பளவுக்கு ஏற்ப. கொள்கலன் பெரிதானால் கன அளவு கூடுகிற வேகத்தில் பரப்பளவு கூடுவதில்லை.

பதில்களுக்கு, ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பாருங்கள். அதன் 16 பிரிவுகளையும் யாரும் படிப்பதில்லை. 2 (ஆபத்துகள்), 7 (கையாளுதல், சேமிப்பு), 8 (பாதுகாப்புக் கவசங்கள்), 10 (எதோடு சேரக் கூடாது) ஆகிய நான்கையாவது படித்தே ஆக வேண்டும்.

கழிவு கேன்

சோதனையின்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். கழிவைக் கொட்டும்போது மனம் வீட்டுக்குக் கிளம்பியிருக்கும். நைட்ரிக் அமிலக் கேனில் கொஞ்சம் எத்தனால் விழுந்தால் முதலில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வினை மெல்லத் தொடங்கிச் சூடேறி வேகம் பிடிக்கும். மூடிய கேனுக்குள் வாயு சேர்ந்து, ஆளில்லாத நேரத்தில் வெடிக்கும். நைட்ரிக் அமிலக் கழிவுக்குத் தனிக் கேன், காற்று வெளியேறும் மூடி. எத்தனால், அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் எதுவும் அதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ப்ளீச்சில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. சோடியம் அசைடில் அமிலம் பட்டால் நச்சும் வெடிக்கும் தன்மையும் கொண்ட ஹைட்ரசோயிக் அமிலம். கேனின் மேல் பொருள்களின் முழுப் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ‘கரைப்பான் கழிவு’ என்று மட்டும் எழுதினால் அடுத்து ஊற்றுபவருக்கு அது எதையும் சொல்லாது.

திரவ நைட்ரஜன்

குளிர்க்காயத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உயிரை எடுப்பது மூச்சுத்திணறல். ஒரு லிட்டர் ஆவியானால் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. உங்கள் அறைக்கு நீங்களே கணக்குப் போடலாம்: 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 60 கன மீட்டர். 25 லிட்டர் குடுவை முழுதும் கொட்டினால் 17.5 கன மீட்டர் நைட்ரஜன். அந்த அளவு காற்று வெளியே தள்ளப்பட்டால் மிச்சம் 42.5. ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 14.8 ஆகிவிடும். 19.5-க்குக் கீழே போனாலே ஆக்சிஜன் பற்றாக்குறைதான். நிறமும் மணமும் இல்லாததால் மூக்கு எச்சரிக்காது. தலை சுற்றுவது தெரியும்போது கால் ஒத்துழைக்காமல் போகலாம். ஆக்சிஜன் அலாரம் வையுங்கள், குடுவையோடு லிஃப்டில் ஏறாதீர்கள், இறுக மூடிய பாத்திரத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

தடுப்பு எந்த வரிசையில்

முதலில் அந்தப் பொருள் தேவையா என்று கேளுங்கள். தேவையென்றால் சாதுவான மாற்று உண்டா, அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். அடுத்தது கருவிகள், அதற்கடுத்தது நடைமுறை விதிகள், கடைசியில்தான் கையுறையும் கண்ணாடியும். ‘கவனமாக இருக்கவும்’ என்று சுவரில் ஒட்டுவது தடுப்பு ஆகாது.

நச்சாவியை உறிஞ்சி வெளியேற்றும் பியூம் ஹூட்டில் முகப்புக் காற்று வேகம் விநாடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் இருந்தால் போதும். வேகம் மிகவும் கூடினால் சுழல் உண்டாகி ஆவி வெளியே வரும். வேலையைக் கண்ணாடிக் கதவிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உள்ளே தள்ளிச் செய்யுங்கள். பெரிய கருவிகளை 5 செ.மீ. உயர்த்தி வைத்தால் அடியில் காற்று ஓடும். ஹூட்டை பாட்டில் கிடங்காக்கினால் பின்பக்கத் துளைகள் அடைபடும். விசிறி ஓடும், ஆனால் உறிஞ்சாது.

எந்தக் கையுறையும் எல்லாவற்றையும் தடுக்காது. மெல்லிய நைட்ரைல் கையுறைக்குள் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் சில நிமிடங்களுக்குள்ளேயே ஊடுருவிவிடும். பட்டால் உடனே கழற்றுங்கள். 1996-ல் டார்ட்மவுத் கல்லூரி வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறையில் டைமீத்தைல் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் ஓரிரு துளி சிந்தியது. அது கையுறையைக் கடந்து தோலில் இறங்கியது. 1997-ல் அவர் இறந்தார். தயாரிப்பாளரின் ஊடுருவல் அட்டவணையைப் பார்க்காமல் கையுறை வாங்காதீர்கள்.

டைஎத்தில் ஈதர், டி.எச்.எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) போன்ற கரைப்பான்கள் காற்றுப் பட்டால் அவற்றில் வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடு உண்டாகும். திறந்த தேதியை பாட்டிலில் எழுதி, சில மாதங்களுக்கு ஒருமுறை பெராக்சைடு சோதனைத் தாளால் பாருங்கள். காய்ச்சி வடிக்குமுன் கட்டாயம் பாருங்கள். வற்றும்வரை வடிக்கவே கூடாது. மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் திறக்கவோ நகர்த்தவோ வேண்டாம், பாதுகாப்பு அதிகாரியை அழையுங்கள். எரியும் கரைப்பான்களைச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டின் தீப்பொறி ஒன்று போதும், ஆவி பற்றிக்கொள்ளும்.

கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை திறந்து துருநீர் போகும்வரை ஓடவிடுங்கள். ஆபத்திடத்திலிருந்து 10 விநாடியில் அதை எட்ட வேண்டும், வழியில் பெட்டியோ நாற்காலியோ கூடாது; ரசாயனம் பட்டவர் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. 15 நிமிடம் கழுவ வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்தும் இடத்தில் அதன் காயத்துக்கு முதலுதவியான 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு காலாவதியாகாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அன்று அந்த வேலை வேண்டாம்.

புது ஆள், புதுப் பொருள், கூட்டிய அளவு, மயிரிழையில் தப்பிய சம்பவம்: இவற்றில் எது நடந்தாலும் அந்தப் பட்டியலை மறுபடி எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, வேலை நடக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.